முகம் வாடாமல் கொடுப்பது



சீராக்கின் ஞானம் என்னும் நூலை நாம் வீட்டில் எடுத்து வாசிப்பது குறைவு. ஞாயிறு வாசகங்களில் அவ்வப்போது வந்து போகும், அவ்வளவுதான். அதன் 18-ஆம் அதிகாரத்தில், 15 முதல் 18 வரையுள்ள வசனங்களோடு இன்று தொடங்குவோம். ஞானி தம் மாணவனைப் பிள்ளையாகப் பாவித்து அறிவுரை சொல்கிறார். நன்மை செய்யும்போது கூடவே குத்திக்காட்டாதே என்கிறார். கொடுக்கும்போது மனம் நோகப் பேசாதே என்கிறார். கடும் வெயிலைப் பனி தணிப்பதுபோல ஒரு நல்ல சொல் தணிக்கும், அது கொடையைவிடப் பெரியது, கனிவுள்ள மனிதரிடம் சொல்லும் கொடையும் சேர்ந்தே இருக்கும் என்கிறார். அறிவிலி கடுகடுத்துக்கொண்டே கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறார்: அப்படிப்பட்ட கொடை, பெறுகிறவரின் கண்ணை மங்கச் செய்யுமாம்.

இதை எழுதியவர் கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் வாழ்ந்தவர். நம் வள்ளுவரும் இனியவை கூறல் அதிகாரத்தில் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்: மனம் உவந்து கொடுப்பதைவிட, முகம் மலர்ந்து இனிதாகப் பேசுவது நல்லது. இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனாலும் பசித்தவனுக்குச் சோறு போடும்போதே அவனைப் பட்டினியைவிடக் கொடுமையாக நோகடிக்க முடியும் என்பதை இருவரும் பார்த்திருக்கிறார்கள்.

நாமும் பார்த்திருக்கிறோம். பார்த்தது மட்டுமல்ல, செய்தும் இருக்கிறோம். அதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் நடந்தது. ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நேரம். உபகாரிகள் சிலர் நோட்டும் பையும் சீருடைத் துணியும் வாங்கித் தந்திருந்தார்கள். நல்ல மனதோடுதான் தந்தார்கள். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும், கோயில் நிறைய ஆட்கள் இருக்கும்போதே, பிள்ளைகளின் பெயர்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக வாசித்தோம், தகப்பன் பெயரும் சேர்த்து. பிள்ளை பீடத்துக்கு முன்னால் வர வேண்டும். பையில் உபகாரியின் ஒரு கை, பிள்ளையின் ஒரு கை. அப்படியே போட்டோ. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை கடைசியாக எழுந்து வந்தாள். அவள் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லையும் நாம் வாசித்திருந்தோம். ‘கேமராவைப் பாரும்மா’ என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் மறைக்கல்விக்கு வரவில்லை. பாடகர் குழுவிலும் இல்லை. ஒரு மாதம் கழித்து ஒரு மாலை நேரத்தில் அவள் தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலை செய்பவர். கையில் அந்தப் பை, பிரிக்காமல்.

‘சாமி, தப்பா நினைச்சுக்காதீங்க. பிள்ளை இதைத் தூக்க மாட்டேங்குது. கூடப் படிக்கிற பிள்ளைக எல்லாம் அன்னைக்குக் கோயில்ல இருந்துச்சாம். வேற யாருக்காவது குடுத்துருங்க.’

குரலை உயர்த்தவில்லை. பையை நாற்காலியில் வைத்துவிட்டு, ஆசீர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நமக்கு முதலில் வந்தது கோபம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ‘இவ்வளவு செய்தும் நன்றி இல்லையே’ என்றுதான் தோன்றியது. குருமடத்தில் அருளைப் பற்றிப் பாடம் படித்தவர், தேர்வு எழுதியவர், நாம். அந்தப் பை என்ன சொல்கிறது என்று விளங்க வெகுநாள் பிடித்தது. மாற்றலாகி வரும்வரை அந்தப் பிள்ளை பாடகர் குழுவுக்குத் திரும்பவில்லை.

அந்தப் பையில் எந்தக் குறையும் இல்லை. நோட்டுகள் நல்ல நோட்டுகள், துணி நல்ல துணி. அதைக் கொடுத்த விதத்தில்தான் ஒன்று இல்லாமல் போயிற்று. அந்த ஒன்றைத்தான் மறைநூல் கனிவு என்கிறது.

கனிவு என்ற சொல்லைச் சற்றுப் பார்ப்போம். புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் தூய ஆவியாரின் கனிகளை அடுக்குகிறார். பரிவு, நன்னயம், கனிவு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழில் கனிவு என்பதே கனியிலிருந்து வந்த சொல். காய் தானாகக் கனிய நாளாகும். அவசரப்பட்டுக் கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தைச் சந்தையில் வாங்கியிருப்பீர்கள். மேலே மஞ்சளாக மின்னும், உள்ளே புளிக்கும். நயமாகப் பேசுவதும், ‘வாங்க, உட்காருங்க’ என்று சிரிப்பதும், காரியம் முடிந்ததும் முகத்தை மாற்றிக்கொள்வதும் அந்த வகை. மரியாதையைப் பழகிக்கொள்ளலாம், அது வேண்டியதுதான். ஆனால் கனிவு வேறு.

சீராக்கின் நூலைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது, ‘கனிவுள்ள மனிதர்’ என்று நாம் சொன்ன இடத்தில் ஒரு சொல்லைப் போட்டார்கள்: கெகாரித்தோமெனோஸ். ‘காரிஸ்’, அதாவது அருள் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அதே சொல்லின் பெண்பால் வடிவம் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்தில் வருகிறது. நாசரேத்தில் வானதூதர் மரியாவை வாழ்த்தும் இடம் அது, லூக்கா 1:28. நாம் ஒரு செபமாலையில் 53 முறை ‘அருள் நிறைந்த’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்தான். மரியாவைப் பொறுத்தவரை அது முதலில் கடவுள் அவருக்குத் தந்ததைக் குறிக்கிறது, அவருடைய இயல்பான நல்ல குணத்தை மட்டும் அல்ல. ஆனாலும் ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது. மேலிருந்து பெற்றுக்கொண்டது, பக்கத்து வீட்டாரிடம் நாம் பேசும் பேச்சில் வெளிவர வேண்டும். அருள் என்றும் கனிவு என்றும் நாம் தமிழில் இரண்டாகப் பிரித்துவைத்திருப்பது கிரேக்கத்தில் ஒன்றாகவே கிடக்கிறது.

நம் முன்னோர் இதை உணர்ந்திருந்தார்கள். யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்று பொருள். அதனால்தான் தமிழில் அவரை அருளப்பர் என்று அழைத்தார்கள். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த புனித ஜான் தெ பிரிட்டோ நமக்கு அருளானந்தர். அன்னம்மாள் என்ற பெயரும் அதே எபிரேய வேரிலிருந்து வந்ததுதான். கிரேக்கர் எவ்கரிஸ்தியா என்றதை நாம் நற்கருணை என்கிறோம். கிரேக்கச் சொல்லில் ‘நல்ல’ என்பதும் ‘காரிஸ்’ என்பதும் சேர்ந்திருக்கின்றன. நம் சொல்லிலும் அப்படியே, நல் என்பதும் கருணை என்பதும். நாள்தோறும் பீடத்தருகே வந்து நற்கருணை வாங்கும் வாய் இது. அதே வாய்தான் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும் பேசுகிறது.

சரி, கனிவோடு கொடுப்பது நடைமுறையில் எப்படி இருக்கும்? மறைநூலில் இதற்கு ரூத்து ஆகமத்தின் 2-ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான இடம் நமக்குத் தெரியவில்லை.

பெத்லகேமில் வாற்கோதுமை அறுவடை தொடங்குகிறது. ரூத்து மோவாபு நாட்டுப் பெண். கணவனை இழந்தவர், பிள்ளை இல்லை. மாமியார் நகோமியும் கைம்பெண். மோவாபியர் ஆண்டவரின் சபையில் சேரக் கூடாது என்று இணைச்சட்ட நூல் சொல்லியிருக்கிறது. ஆனால் ஏழைக்கும் அந்நியருக்கும் ஓர் உரிமையைச் சட்டமே கொடுத்திருந்தது. லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது: வயலின் ஓரம்வரை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது அவர்களுக்கு. அந்த உரிமையை நம்பித்தான் ரூத்து ஒரு வயலில் இறங்குகிறார். வயல்காரர் பெயர் போவாசு.

சட்டம் கதிரை விட்டுவைக்கச் சொன்னது. பொறுக்க வருகிறவளை எப்படிப் பார்ப்பது, எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லவில்லை. போவாசு சும்மா இருந்திருந்தாலே சட்டப்படி நல்லவர்தான். அவர் என்ன செய்தார்? அந்நியப் பெண்ணை ‘மகளே’ என்று அழைத்தார். வேறு வயலுக்குப் போகாதே, என் வேலைக்காரப் பெண்களோடு இரு என்றார். உன்னைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். தாகம் எடுத்தால் ஆண்கள் மொண்டு வைத்திருக்கும் குடத்திலிருந்து குடி என்றார். கூலி வேலைக்குப் போன இடத்தில் தனி டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடித்த அனுபவம் நம் மக்களில் பலருக்கு உண்டு. இந்த ஒரு வரியின் கனம் அவர்களுக்கு விளங்கும்.

சாப்பாட்டு வேளையில் அவளைத் தள்ளி உட்காரவிடவில்லை. அறுவடைக்காரர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வறுத்த தானியத்தை அவரே அவளுக்குக் கொடுத்தார். அவள் வயிறாரச் சாப்பிட்டாள், மீதியும் இருந்தது என்கிறது நூல்.

இனிதான் நாம் கவனிக்க வேண்டியது வருகிறது. அவள் கதிர் பொறுக்க எழுந்தபோது போவாசு தம் ஆட்களுக்கு ஒரு கட்டளை கொடுத்தார். சொன்னது ஆட்களிடம், அவளிடம் அல்ல. அரிக்கட்டுகளுக்கு நடுவிலும் அவள் பொறுக்கட்டும், அவளைக் கூச வைக்காதீர்கள். கட்டிலிருந்தே சில தாள்களை உருவிப் போட்டுவையுங்கள், எடுத்துக்கொள்ளட்டும், அதட்டாதீர்கள்.

ஒரு மூட்டையைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாமே! வேலை சுலபம், ஊரும் பாராட்டும். கொடுத்திருந்தால் ரூத்து பிச்சை வாங்கியவளாக வீடு திரும்பியிருப்பாள். இப்போது மாலைவரை குனிந்து பொறுக்கி, தன் கையாலே தட்டிப் புடைத்து, தன் தலையிலே சுமந்துகொண்டு போகிறாள். ஒரு ஏப்பா அளவு, நம் கணக்கில் 20 லிட்டருக்குக் குறையாது. அது அவள் உழைப்பு. அந்த உழைப்புக்குள்ளே வேறொருவருடைய கொடை ஒளிந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

நகோமிக்குத் தெரிந்துவிடுகிறது. வயலையும் அறுவடையையும் அறிந்தவர் அவர். சிந்திய கதிரைப் பொறுக்கி ஒரே நாளில் இவ்வளவு சேராது. ‘உன்னைக் கவனித்துக்கொண்டவருக்கு ஆசி உண்டாகட்டும்’ என்கிறார். இதே நகோமி ஊருக்குத் திரும்பிவந்த நாளில் என்ன சொன்னார்? என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாரா என்று, கசப்பானவள் என்று, கூப்பிடுங்கள். எல்லாம் வல்லவர் என்னை மிகவும் கசப்புறச் செய்துவிட்டார் என்றார். கணவனையும் இரண்டு மகன்களையும் புதைத்தவரின் பேச்சு அது. அவருக்கு யாரும் மறையுரை சொல்லவில்லை. ஆண்டவர் உயிரோடிருப்பவர்களையும் இறந்தவர்களையும் கைவிடவில்லை என்று அவர் இப்போது சொல்வது, அந்த வாற்கோதுமையையும் அது வந்த விதத்தையும் பார்த்த பிறகுதான். கனிவாகக் கொடுக்கப்பட்ட தானியம் ஒரு கைம்பெண்ணுக்குக் கடவுள் நம்பிக்கையைத் திருப்பிக் கொடுத்தது. நாம் கொடுத்த பள்ளிப் பை ஒரு பிள்ளையைக் கோயிலிலிருந்து வெளியே அனுப்பியது.

போவாசுக்கு இது எங்கிருந்து வந்தது? ரூத்து ஆகமம் சொல்லவில்லை. ஆனால் மத்தேயு முதல் அதிகாரத்தின் தலைமுறை அட்டவணையைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் அதை வாசிக்கும்போது பலருக்குக் கொட்டாவி வரும், நமக்கும் வந்ததுண்டு. அதில் போவாசின் தாய் இராகாபு. எரிகோ நகரத்து வேற்றினப் பெண். அந்நியப் பெண்ணாக ஓர் ஊரில் நுழைவது எப்படியிருக்கும் என்று தாயிடம் கேட்டு வளர்ந்தவராக இருக்கலாம். இது நம் ஊகம்தான், ஆனால் தவறாக இருக்காது என்று நினைக்கிறோம். அந்தப் போவாசுக்கும் ரூத்துக்கும் பிறந்த ஓபேது, தாவீதின் பாட்டன். தாவீதின் வழிமரபில் நம் ஆண்டவர் அதே பெத்லகேமில் பிறந்தார்.

ஆண்டவர் முதல் அரும் அடையாளத்தைச் செய்ததும் இந்த முறையில்தான். கானாவில் கல்யாணம், திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது. நம் ஊரில் மூன்றாம் பந்தி உட்காரும்போது சாம்பார் தீர்ந்துபோனால் அந்த வீட்டாரைப் பத்து வருடம் சொல்லிக் காட்டுவார்கள். அருள் நிறைந்தவர் என்று அழைக்கப்பட்ட தாய் அதைக் கவனிக்கிறார். பந்தி மேற்பார்வையாளரிடம் போகவில்லை, பெண்களிடம் கிசுகிசுக்கவில்லை. மகனிடம் ஒரு வார்த்தை, பணியாளரிடம் ஒரு வார்த்தை. ஆறு கற்சாடிகள் நிரம்புகின்றன, எல்லாம் சேர்ந்தால் 450 லிட்டருக்கு மேல். மேற்பார்வையாளர் சுவைத்துப் பார்த்து மணமகனைக் கூப்பிட்டுப் பாராட்டுகிறார். பாராட்டு மணமகனுக்கு! இயேசு நடுவே எழுந்து ‘நான் செய்தது’ என்று சொல்லவில்லை. தண்ணீர் மொண்ட பணியாளருக்கு மட்டும் தெரியும் என்று யோவான் எழுதுகிறார்.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்ததிலும் இதைப் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தை வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லவில்லை. நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் பசும்புல் தரையில் உட்கார வைத்தார் என்று மாற்கு சொல்கிறார். அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் விருந்துப் பந்தியைக் குறிப்பது. ஆக, அவர்கள் அங்கே பந்தியில் அமர்ந்த விருந்தினர்கள்.

கொரிந்து நகரத் திருச்சபையில் இதற்கு நேர்மாறானது நடந்தது. ஆண்டவரின் விருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுல் கோபப்படுகிறார். இல்லாதவர்களை நாணச் செய்கிறீர்களா என்று கேட்கிறார். நற்கருணை ஏற்படுத்தப்பட்ட வரலாற்றை அவர் எழுதிவைத்தது இந்தக் கண்டிப்பின் நடுவில்தான். பசியோடு நிற்கும் ஏழையின் வெட்கத்தை அவர் பீடத்துக்கு வெளியே உள்ள விஷயமாக நினைக்கவில்லை.

‘கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லையே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எருசலேம் கோவில் வாசலில் பேதுருவிடமும் வெள்ளியோ பொன்னோ இல்லை. அவர் முதலில் செய்தது, கால் ஊனமுற்ற அந்த மனிதரை உற்றுப் பார்த்தது. பிறகு வலக்கையைப் பிடித்துத் தூக்கியது. தினமும் கோவில் வாசலில் கிடந்தவரை அப்படி நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் வெளியிட்ட ‘ஃபிரத்தெல்லி தூத்தி’ சுற்றுமடலில் கனிவைப் பற்றித் தனியாக மூன்று பத்திகள் எழுதினார். நமக்கு அவசரம் அதிகமாகிவிட்டது, நின்று பேச நேரமில்லை என்பது அவருடைய கவலை. பங்கு அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டு வருபவரிடம், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘நாளைக்கு வாங்க’ என்று சொன்ன குற்றம் நமக்கும் உண்டு. ‘நாளைக்கு வாங்க’ என்பதைக்கூட முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்.

வாங்கிக்கொள்வதிலும் கனிவு வேண்டும். இது நமக்குப் பிந்தித்தான் புரிந்தது. ஒரு மூதாட்டி, முதியோர் பணத்தில் காலம் தள்ளுபவர், வீடு மந்திரிக்கப் போனபோது நான்கு முட்டைகளைத் துணியில் முடிந்து கொடுத்தார். ‘வேண்டாம் பாட்டி, நீங்களே வச்சுக்கங்க’ என்று திருப்பிக் கொடுத்தோம், பெரிய தியாகம் செய்த நினைப்பில். ‘ஏன் சாமி, நாங்க குடுத்தா ஆகாதா?’ என்றார். ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். சக்கேயுவிடம் ‘உன் வீட்டில் தங்க வேண்டும்’ என்றார். தம்மிடம் எல்லாம் இருந்தும் இல்லாதவர்போலக் கேட்டார். கொடுக்கும் பெருமையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். அந்த நான்கு முட்டைகளைப் பிறகு நாமே கேட்டு வாங்கிவந்தோம்.

இனி நம் பங்கின் காரியம். சென்ற ஆண்டு முதல் கிறிஸ்துமஸ் உதவியை ஒலிபெருக்கியில் வாசிப்பதை நிறுத்தியிருக்கிறோம். எல்லா வீடுகளுக்கும், வசதியுள்ளோர் இல்லாதோர் என்ற பேதமின்றி, ஒரே மாதிரித் துணிப் பையில் ஒரு கேக்கும் ஒரு நாட்காட்டியும் போகிறது. ஒவ்வொரு பையிலும் வீட்டுப் பெயர் எழுதியிருக்கும். சில பைகளில் நாட்காட்டிக்குள் ஓர் உறையும் இருக்கும். எந்தப் பையில் உறை என்பது பையைக் கட்டும் இருவருக்கும் நமக்கும் தெரியும். வீடு வீடாகக் கொண்டுபோகும் இளைஞர்களுக்குத் தெரியாது. அன்பியக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: ‘கொடுத்தவன் பேரு வேண்டாம்னா சரி சாமி, கணக்கு வேணும்ல?’ நியாயமான கேள்வி. எவ்வளவு வந்தது, எத்தனை உறை போனது என்பதை நிதிக்குழு அறிவிப்புப் பலகையில் ஒட்டும். பெயர்கள் இராது. போட்டோ ஒன்றும் இராது. உபகாரிகளில் ஓரிருவருக்கு இதில் வருத்தம் உண்டு என்பது தெரியும். அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறோம், இன்னும் பேசுவோம்.

இந்த ஆண்டுக்கு 40 பைகள் குறைகின்றன. துணி பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. தைக்கத் தெரிந்தவர்கள் ஞாயிறு முதல் திருப்பலிக்குப் பின் வந்து வாங்கிப் போகலாம். எல்லாப் பைகளும் ஒரே நிறம், ஒரே அளவாக இருக்க வேண்டும்.